பழைய கட்டடத்துக்கு உலர்பனி வீச்சு: எல்லாப் பரப்புக்கும் ஒரே இயந்திரம் போதுமா?

தாழ்வாரம் எழுதியது:

நூற்றைம்பது ஆண்டைத் தாண்டிய ஒரு கட்டடத்தின் சீரமைப்புக் குழுவில் இருக்கிறேன். வெளிச்சுவர் சுண்ணாம்புக்கல். மழை நேராகப் படாத இடங்களில், குறிப்பாக வளைவுகளின் அடியிலும் சிற்ப வேலைப்பாட்டின் மடிப்புகளிலும், கன்னங்கறேலென்று பொருக்குத் தட்டியிருக்கிறது. உட்சுவர் செங்கல், அதன்மேல் யார் யாரோ அடித்த பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கிறது. மேல்கூரை உத்தரங்களில் எப்போதோ நடந்த தீ விபத்தின் புகைக்கரி. முகப்பில் வார்ப்பிரும்புக் கிராதி. நிலவறையில் பூஞ்சணம்.

ஒப்பந்தப்புள்ளி கொடுத்தவர்களில் ஒருவர், இவை அனைத்தையும் டிரை ஐஸ் பிளாஸ்டிங், அதாவது உலர்பனி வீச்சு முறையிலேயே முடித்துத் தருவதாகச் சொல்கிறார். தண்ணீர் கிடையாது, மணல் கிடையாது, ரசாயனம் கிடையாது, கழிவே கிடையாது என்று அவருடைய விளக்கக் குறிப்பு பாடுகிறது. குழுவில் பாதிப் பேர் மயங்கிவிட்டார்கள். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் நெருடுகிறது. இந்த வேலையில் கைபட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பனிக்குழல் எழுதியது:

இந்த இயந்திரத்தை இயக்குவதுதான் என் தொழில். முதலில் உங்கள் நெருடல் நியாயமானது என்று சொல்லிவிடுகிறேன். கழிவு இல்லை என்பது விற்பனைப் பேச்சு. வீசப்படும் பனி ஆவியாகிவிடும். பெயர்ந்து விழுந்த பெயிண்ட் ஆவியாகாது. அதைக் கூட்டி அள்ளி, என்ன வகைக் கழிவோ அதற்குரிய இடத்தில் சேர்க்க வேண்டும். மணல் வீசினால் அழுக்கோடு மணலும் சேர்ந்து மலையாகும். இங்கே அழுக்கு மட்டும் மிஞ்சும். லாபம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன லாபமும் இல்லை.

முறை இதுதான். கார்பன் டை ஆக்சைடை உறையவைத்து 3 மி.மீ. தடிமனுள்ள குருணைகளாக்குகிறார்கள். சில இயந்திரங்கள் கட்டியைச் சீவிச் சர்க்கரைத் துகள் அளவுக்குக் கொண்டுவரும். கம்ப்ரசர் காற்று அதை நாசில் (குழல்முனை) வழியாகத் தள்ளுகிறது. மேற்பரப்பில் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஒன்று, துகள் வந்து மோதும் வேகம். இரண்டு, மைனஸ் 78.5 டிகிரிக் குளிரில் மேற்பூச்சு சட்டென்று சுருங்கி, நொறுங்கும் தன்மைக்கு வருவது. மூன்று, திடப்பொருள் நேராக வாயுவாக மாறும்போது கன அளவு ஏறத்தாழ 800 மடங்கு விரிவது. விரிசலுக்குள் புகுந்த துகள் பூச்சை அடியிலிருந்து நெம்பிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த இரண்டாவது வேலை, உலோகத்தின் மேலிருக்கும் பூச்சில்தான் முழுப் பலன் தருகிறது. கல்லும் மரமும் வெப்பத்தை மெதுவாகக் கடத்துபவை. அங்கே மோதலையும் விரிவையும்தான் நம்ப வேண்டும். விமானத் தொழிலில் பெயிண்டை உரிப்பதற்காக வளர்ந்து, டயர் அச்சுகளைத் துடைக்கப் போன முறை இது. கட்டடத்துக்கு வந்தது பிற்பாடுதான்.

சந்தேகி எழுதியது:

மணலும் வீச்சு, பனியும் வீச்சு. பெயர்தான் மாறியிருக்கிறது.

மணல் வீச்சு செங்கல்லுக்கு என்ன செய்தது என்று பழைய ஊர்கள் எல்லாவற்றிலும் பார்க்கலாம். சூளையில் வெந்தபோது செங்கல்லின் மேல் உண்டாகும் கெட்டியான தோல்தான் அதன் காப்பு. அதை உரித்துவிட்டால் உள்ளே இருப்பது தண்ணீரைக் குடிக்கும் மென்மண். வெளுத்து அழகாக இருக்கிறது என்று சில காலம் மகிழ்வார்கள். பிறகு பொடிந்து கொட்டும். அமெரிக்க உள்துறை அமைச்சகத்தின் பாரம்பரியக் கட்டட நெறிகள் சுத்தம் செய்ய மிக மென்மையான வழியையே கையாள வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

பனிக்குழல் எழுதியது:

சந்தேகி, பெயர் மட்டும் மாறவில்லை, கடினமும் மாறியிருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை காட்டும் மோஸ் அளவில் மணல் 7. உலர்பனி 2-க்கு மேல் போகாது. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கால்சைட் 3. வெந்த செங்கல்லின் தோலை உலர்பனி சாதாரணமாக அரிப்பதில்லை.

பொளிக்கல் எழுதியது:

மோஸ் அளவைக் காட்டி யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். அந்த அளவு சொல்வது, எது எதைக் கீறும் என்பதை. கீறாமலேயே பெயர்க்கலாம். நலிந்து, சிறுமணிகளாக உதிரும் நிலையில் இருக்கும் கல்லின் மேல் வேகமாக எது பட்டாலும் மணிகள் கழன்றுவிடும். பழைய சலவைக்கல்லின் மேற்பரப்பு சர்க்கரை போல உதிர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே தூரிகையே அதிகம். பனிக்குழல் சொல்லும் அந்த 800 மடங்கு விரிவு பெயிண்டின் விரிசலுக்குள் மட்டும்தான் நடக்குமா? கல்லின் விரிசலுக்குள் நடக்காதா? இணைப்புகளில் இருக்கும் பழைய சுண்ணாம்புக் காரையின் நிலை என்ன? நல்ல செங்கல் சுவரில்கூட முதலில் கொட்டுவது அந்தக் காரைதான்.

இனித் தாழ்வாரத்தின் கறுப்புப் பொருக்குக்கு வருகிறேன். இந்த இழையில் பேச வேண்டிய முக்கியமான இடம் அது.

அந்தக் கறுப்பு கல்லின் மேல் படிந்த தூசி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது வெறும் தூசியல்ல. காற்றிலிருக்கும் கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லின் கால்சியம் கார்பனேட்டை ஜிப்சமாக மாற்றிவிடுகிறது. ஜிப்சம் படிகங்கள் வளரும்போது கரித்துகளைத் தமக்குள் சிறைப்பிடித்துக்கொள்கின்றன. மழை படும் இடத்தில் ஜிப்சம் கழுவப்பட்டுப் போகும், படாத இடத்தில் தங்கும். அதனால்தான் உங்கள் வளைவுகளின் அடியில் மட்டும் கறுப்பு. அதாவது அந்தப் பொருக்கின் ஒரு பகுதி, ஒரு காலத்தில் கல்லாக இருந்த பொருளே. சிற்பி செதுக்கிய விளிம்பு இப்போது பொருக்குக்குள் இருக்கலாம். அடியில் கல் தூளாகிக் கிடக்கலாம். அதன்மேல் பனியை வீசினால் இரண்டில் ஒன்று நடக்கும். குறைந்த அழுத்தத்தில் பொருக்கு அசையாது. அழுத்தத்தைக் கூட்டினால் பொருக்கோடு இலையும் பூவும் மூக்கும் சேர்ந்து வரும்.

இதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஜிப்சம் நீரில் ஓரளவு கரையும், ஆகவே நுண்ணிய நீர்த்திவலையை மணிக்கணக்கில் படரவிட்டு இளக்கலாம். சுவருக்குள் இரும்புக் கொக்கிகள் இல்லை, இணைப்புகள் ஒழுகவில்லை என்று உறுதிசெய்த பிறகு. அமோனியம் கார்பனேட் கலந்த களிம்புப் பற்றுப் போடலாம். நுணுக்கமான சிற்பத்துக்கு லேசர். 1972-ல் சிற்பங்களை ஹோலோகிராம் எடுக்க வெனிஸ் போன ஜான் ஆஸ்மஸ் என்ற இயற்பியலாளர், லேசர் கற்றை பட்ட இடத்தில் கறுப்பு மட்டும் பறந்து வெள்ளைக் கல் தப்புவதைக் கண்டார். கறுப்பு ஒளியை விழுங்கும், வெளிர்கல் திருப்பி அனுப்பும் என்ற எளிய வேறுபாடுதான் அடிப்படை. அதிலும் குறை உண்டு: சில கற்களில் மஞ்சள் சாயல் தங்கிவிடும். வேகமும் குறைவு.

தாழ்வாரம் எழுதியது:

அப்படியென்றால் பெரிய தேவாலயங்களின் உட்புறத்தையெல்லாம் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள்?

பொளிக்கல் எழுதியது:

உட்புறத்தில் மழையும் இல்லை, பொருக்கும் அநேகமாக இல்லை. தளர்ந்த தூசியும் கரியும்தான். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் உட்சுவர்களிலும், 2019 ஏப்ரல் 15 தீக்குப் பிறகு பாரிஸ் நோத்ர்-தாமிலும் ரப்பர் பாலைப் பூசி, உலர்ந்ததும் உரித்து எடுத்தார்கள். நோத்ர்-தாமில் கூரையின் ஈயத் தகடுகள் உருகி, நச்சான ஈயத்தூள் எங்கும் படிந்திருந்தது. அங்கே போய்க் காற்றை வேகமாக வீசினால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அழுக்கைப் பறக்கவிடாமல் பிடித்துக்கொண்டு வருவதுதான் அங்கே முதல் தேவை. வீச்சு முறை எதுவானாலும் அதில் தோற்றுவிடும்.

காரகாடி எழுதியது:

வேதியியல் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் சேர்ந்தால் கார்போனிக் அமிலம், அது சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும், ஆகவே உலர்பனி சுண்ணாம்புக்கல்லுக்கு ஆகாது என்றொரு வாதம் அடிக்கடி வரும். பாதி உண்மை. சாதாரண மழைநீரின் அமிலநிலை எண் (pH; குறையக் குறைய அமிலம் கூடும்) 5.6 அளவில் இருக்கும். தூய கார்பன் டை ஆக்சைடு சூழ்ந்த நீரில் அது 4-ஐ ஒட்டி இறங்கிவிடும். ஆனால் உலர்ந்த கல்லில், வாயு சில நொடிகளில் கலைந்துபோகும் திறந்தவெளியில், கரைவதற்கு நேரமும் இல்லை, நீரும் இல்லை. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

கெட வேண்டியது ஈரத்துக்காக. நுண்துளைகளில் நீர் நிற்கும் கல்லின் மேல் இந்தக் குளிரை வீசினால் நீர் உறையும். உறையும் நீர் 9 சதவீதம் பருக்கும். கல்லுக்கு இடமில்லையென்றால் தோல் வெடிக்கும். மழை பெய்த மறுநாள் வேலை தொடங்குகிறவர்களை நம்பாதீர்கள். இன்னொன்று, வீசிய இடம் குளிர்ந்து கிடப்பதால் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்க்கும். காற்று ஈரமாக இருக்கும் நாளில் உலர்முறை என்று நம்பியவர் கையில் நனைந்த சுவர்தான் மிஞ்சும். சுவரில் உப்பு இருந்தால் அந்த ஈரம் அதைக் கிளப்பிவிடும்.

இதோடு சோடா வீச்சையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. சமையல் சோடா மென்மையானதுதான், ஆனால் துளைகளுக்குள் சோடிய உப்பாகத் தங்கிப் பின்னாளில் பூத்து வெளியே வரும். உலர்பனி தன் பங்குக்கு எந்த உப்பையும் கல்லில் விட்டுச்செல்வதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அதை மனமாரப் பாராட்டலாம்.

உத்தரம் எழுதியது:

கல் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பனிக்குழலை ஓரங்கட்டுவதற்குள் மரத்துக்காகப் பேசிவிடுகிறேன். தீயில் புகைபிடித்த கூரைக்கு இதைவிட நல்ல முறை இதுவரை என் கண்ணில் படவில்லை. தண்ணீர் விட்டால் கரி கரைந்து மர நாருக்குள் இறங்கும். உப்புத்தாளால் தேய்த்தால் விளிம்புகள் மழுங்கும், மூலைகளுக்குக் கை எட்டாது. உலர்பனி, உத்தரமும் கைமரமும் சேரும் பொருத்துகளின் இடுக்குவரை போய்க் கரியையும் தளர்ந்த எரிபடலத்தையும் எடுத்துவிடும். புகைநாற்றமும் பெருமளவு போய்விடும். நான் மேற்பார்த்த ஒரு கூரையில் வாய்ச்சி வெட்டின தடங்கள், தச்சர்கள் பொருத்து அடையாளத்துக்குக் கீறிய குறிகள் எல்லாம் கரிக்கு அடியிலிருந்து தெளிவாக வெளியே வந்தன.

எச்சரிக்கை உண்டு. ஊசியிலை மரங்களில் ஆண்டு வளையத்தின் இளவேனில் பகுதி மென்மை, கோடைப் பகுதி கெட்டி. அழுத்தத்தைக் கூட்டினால் மென்மையான பகுதி மட்டும் அரிபட்டு, மரம் வரிவரியாகத் துருத்திக்கொள்ளும். சிலர் அதையே பழமை அழகு என்று விற்கிறார்கள். அது தேய்மானம். குறைந்த அழுத்தம், சீவிய நுண்துகள், அகன்ற நாசில், தள்ளி நின்ற கை. பூச்சி அரித்த மரமென்றால் கிட்டவே போகாதீர்கள்.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை: அந்தக் கரியை எடுக்கத்தான் வேண்டுமா? இங்கிலாந்தின் இடைக்காலக் கூடங்கள் சிலவற்றில் கூரை மரங்கள் புகையால் கறுத்திருக்கின்றன. புகைபோக்கி வருவதற்கு முன் கூடத்தின் நடுவே திறந்த அடுப்பு எரிந்ததற்கு அந்தக் கறுப்புதான் சாட்சி. அதைச் சுத்தம் செய்தால் வீட்டின் வரலாற்றிலிருந்து சில நூற்றாண்டுகளை அழித்ததாகும். உங்கள் கரி விபத்தில் வந்தது என்கிறீர்கள். முழுக்க அதுதானா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நிழற்படம் எடுத்து, ஒரு சிறு பகுதியைத் தொடாமல் விட்டுவையுங்கள்.

சந்தேகி எழுதியது:

கடைசிப் பத்திக்காகவே இந்த இழையைத் தொடர்ந்து படித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முகக்கவசம் எழுதியது:

கட்டடத்தைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. உள்ளே நிற்கும் ஆளைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒரு கிலோ உலர்பனி ஆவியானால் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 540 லிட்டர் வாயு. மணிக்கு 40 கிலோ வீசும் இயந்திரம் என்று வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் 22 கன மீட்டர். தாழ்வாரத்தின் நிலவறை 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்: 240 கன மீட்டர். எட்டு மணி நேர வேலைக்குப் பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு பத்து லட்சத்தில் 5,000 பங்கு, அதாவது அரை சதவீதம். காற்றோட்டம் இல்லாவிட்டால் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாக வீசியதுமே அதை எட்டிவிடுவீர்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்கத் தொழில்நல அமைப்பு வகுத்திருக்கும் அளவு 4 சதவீதம். அது 18 கிலோவில் வந்துவிடும். அரை மணி நேரம்கூட ஆகாது.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். தாழ்ந்த இடத்தில் தேங்கும். குனிந்து அடித்தளத்தைச் சுத்தம் செய்பவர்தான் முதலில் தள்ளாடுவார்.

பனிக்குழல் எழுதியது:

கணக்கு சரி, ஆனால் ஒன்று விட்டுப்போயிற்று. கம்ப்ரசர் நிமிடத்துக்கு 5 கன மீட்டர் வெளிக்காற்றையும் சேர்த்துத்தான் உள்ளே தள்ளுகிறது. அறையில் இருப்பதை அது வெளியே தள்ளும் அல்லவா?

முகக்கவசம் எழுதியது:

தள்ளும். மணிக்கு 300 கன மீட்டர் காற்று, கூடவே 22 கன மீட்டர் கார்பன் டை ஆக்சைடு. நாசிலிலிருந்து வரும் கலவையிலேயே கிட்டத்தட்ட 7 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. அறையின் காற்று மெல்ல மெல்ல அந்தக் கலவையாகவே மாறும். உங்கள் கம்ப்ரசர் 4 சதவீதத்தை எட்டும் நேரத்தைச் சிறிது தள்ளிப்போடும், ஒரு மணி நேரத்துக்குள் எப்படியும் எட்டிவிடும். அரை சதவீதத்துக்குள் வைக்க வேண்டுமென்றால் மணிக்கு 5,000 கன மீட்டர் அளவில் வெளிக்காற்று வேண்டும். தனியாக விசிறி, உறிஞ்சுகுழாயின் வாய் தரைமட்டத்தில், ஆளின் சட்டையில் அளவுமானி. முகத்தில் மாட்டும் வடிகட்டிக் கவசம் தூசிக்குத்தான் உதவும்; இந்த வாயுவை அது தடுக்காது.

அடுத்தது உட்சுவர்ப் பெயிண்ட். பழைய அடுக்குகளில் ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், பரிசோதனை இல்லை என்று சொல்லும்வரை. குளிரில் நொறுங்கிய ஈயப் பெயிண்ட் நுண்தூளாகக் காற்றில் மிதக்கும். மூடிய கூடாரம், தூசி வெளியே கசியாதபடி எதிரழுத்தக் காற்றிழுப்பு, உடை மாற்றும் அறை எல்லாம் வேண்டும். ஒப்பந்ததாரரின் குறிப்பில் இவை இருக்கின்றனவா?

காதுக்கும் காப்பு வேண்டும், சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். இயந்திரத்துக்கும் நாசிலுக்கும் வேலை செய்யும் உலோகப் பரப்புக்கும் புவியிணைப்பு கட்டாயம். வறண்ட துகள் ஓட்டத்தில் நிலை மின்சாரம் சேரும்.

தாழ்வாரம் எழுதியது:

குறிப்பைத் தேடிப் பார்த்தேன். ஈயம் என்ற சொல்லே இல்லை. கூடாரம் "தேவைப்பட்டால்" என்று இருக்கிறது. ஒப்பந்ததாரரைத் தொலைபேசியில் கேட்டேன். பனி ஆவியாகிவிடுவதால் தூசி வராது என்கிறார்.

கிராதியைப் பற்றியும் சொல்லுங்கள். அங்கேயாவது இதைப் பயன்படுத்தலாமா?

பனிக்குழல் எழுதியது:

அந்தப் பதிலைச் சொன்னவரிடம் என் இயந்திரத்தைக்கூடக் கொடுக்க மாட்டேன்.

கிராதிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வார்ப்பிரும்பின் மேலிருக்கும் தடித்த பெயிண்ட் அடுக்குகளில் இந்த முறை தன் முழுத் திறமையையும் காட்டும். வார்ப்பு வேலைப்பாடு, வார்ப்பாலை முத்திரை, எதுவும் மழுங்காது. ஆனால் இறுகிப்பிடித்த துரு போகாது. புதுப் பெயிண்ட் பிடித்துக்கொள்ளத் தேவையான சொரசொரப்பையும் இது உண்டாக்காது. ஏற்கெனவே இருந்த சொரசொரப்பைத் திறந்துவிடும், அவ்வளவே. துருவைக் கைக்கருவியால் தனியே பார்க்க வேண்டும். குளிர்ந்த இரும்பு வியர்க்கும் என்பதால் அது பழைய வெப்பத்துக்குத் திரும்பி உலர்ந்த பிறகு தாமதிக்காமல் முதல் பூச்சு அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய புதுத் துரு படர்ந்துவிடும்.

சந்தேகி எழுதியது:

கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் விடுவதை எப்படிச் சுற்றுச்சூழலுக்கு இசைந்தது என்கிறார்கள்?

காரகாடி எழுதியது:

உலர்பனிக்கான வாயு பெரும்பாலும் அமோனியா, எத்தனால் ஆலைகளின் உபரி. எப்படியும் வெளியே போகவிருந்தது ஒரு சுற்று சுற்றிப் போகிறது. ஆனால் அதைத் திரவமாக்கி உறையவைக்கும் மின்சாரம், குளிர்ப்பெட்டியில் கொண்டுவரும் வண்டி, நாள் முழுவதும் ஓடும் டீசல் கம்ப்ரசர் எல்லாவற்றையும் யார் கணக்கில் எழுதுவது? பசுமை முறை என்ற அடைமொழியை நான் ஒப்பந்தத்தில் அனுமதிக்க மாட்டேன். தண்ணீர்க் கழிவு இல்லை என்று எழுதினால் கையெழுத்திடுவேன்.

பொளிக்கல் எழுதியது:

தாழ்வாரம், எவரைத் தேர்ந்தாலும் மாதிரிப் பரப்பு இல்லாமல் சாரம் கட்ட விடாதீர்கள். ஒவ்வொரு பரப்புக்கும் தனி மாதிரி, கண்ணில் படாத மூலையில், முழங்கையகலச் சதுரம் போதும். அழுத்தம், நாசில், துகள் அளவு, தூரம், நேரம் எல்லாம் எழுதப்பட வேண்டும். அன்றைய பனியின் வயதும்தான். பழையது சுருங்கி, காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், புதியதைப் போல வேலை செய்யாது. மிகக் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, அழுக்கு போகத் தொடங்கும் புள்ளியில் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து உருப்பெருக்கியால் பாருங்கள். கார்ஸ்டன் குழாயை ஒட்டி, சுவர் நீர் குடிக்கும் வேகத்தை முன்பும் பின்பும் அளந்தால், தோல் போயிற்றா இல்லையா என்று வாக்குவாதமே இல்லாமல் தெரிந்துவிடும்.

செங்கல்லின் பெயிண்டை எடுப்பதற்கு முன் அடுக்குகளில் ஒரு சிறு வெட்டு எடுத்து ஆராயச் சொல்லுங்கள். அடியில் சுண்ணாம்பு வெள்ளையோ பழைய சித்திர வேலையோ இருந்தால் வீச்சை மறந்துவிட வேண்டும்.

தாழ்வாரம் எழுதியது:

குழுக் கூட்டம் முடிந்தது. கூரைக்கும் கிராதிக்கும் மட்டும் உலர்பனி, அதுவும் மாதிரிப் பரப்புக்குப் பிறகு. வெளிக்கல்லுக்குத் தனியாகக் கல் பாதுகாப்பு வல்லுநரை அழைக்கிறோம். உட்சுவர் பெயிண்ட் ஆய்வறிக்கை வரும்வரை நிறுத்திவைப்பு. எல்லாவற்றையும் ஒரே முறையில் முடிக்கலாம் என்றவர் விலகிக்கொண்டார். கூடாரத்துக்கும் காற்றிழுப்புக்கும் தனி விலை கேட்டதும் ஆர்வம் குறைந்துவிட்டது.

நிலவறைப் பூஞ்சணம் மட்டும் முடிவாகவில்லை. முகக்கவசத்தின் கணக்கைப் படித்ததிலிருந்து குழுவில் யாருக்கும் அங்கே இறங்கவே மனமில்லை.

முகக்கவசம் எழுதியது:

இறங்க வேண்டிய அவசியமும் இப்போது இல்லை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்காதவரை, எந்த முறையில் எடுத்தாலும் பூஞ்சணம் திரும்ப வரும். வீச்சு வித்துகளைக் கட்டடம் முழுக்கப் பரப்பியும் விடும். முதலில் வடிகாலைப் பாருங்கள், வெளித்தரை மட்டம் சுவரை விட உயர்ந்திருக்கிறதா பாருங்கள், சுவர் உலரட்டும். உலர்ந்த பிறகு வடிகட்டி உள்ள தூசியுறிஞ்சியும் தூரிகையுமே பெரும்பாலும் போதும்.